தமிழ்க் கையேட்டை வலையில் ஏற்றும்போது: எந்தக் கோப்பு, எந்தக் கருவி?

மளிகை, ஜவுளி, மருந்துக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றுக்குத் தமிழில் உதவிக் கையேடு எழுதுவது என் வேலை. படிப்பவர்கள் கடை முதலாளிகள், கல்லாவில் உட்காருபவர்கள், கணக்கு எழுதுபவர்கள். பெரும்பாலும் கைபேசியில்தான் படிக்கிறார்கள், அதுவும் வாடிக்கையாளர் எதிரில் காத்திருக்கும்போது. 'போட்ட ரசீதை எப்படி ரத்து செய்வது?' என்று தேடினால் அரை நிமிடத்துக்குள் பதில் கையில் இருக்க வேண்டும். கையேட்டை எந்த வடிவத்தில் வைப்பது, எந்த மென்பொருளால் உருவாக்குவது என்ற முடிவுகளை எல்லாம் அந்த அரை நிமிடத்தை மனதில் வைத்துத்தான் எடுத்தோம். கருவிகளை ஒப்பிட்டு ஆங்கிலத்தில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் உள்ளே தமிழ் உரையைப் போட்டால் அந்தக் கருவிகள் எப்படி நடந்துகொள்ளும் என்பது அவற்றில் இருக்காது. நாங்கள் தெரிந்துகொண்டதை, இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் வந்தபோது கையேடு என்பது ஒரே ஒரு பிடிஎஃப். பழைய பகுதிகளைப் பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார்கள். பிறகு சேர்ந்தவை வேர்டில், அதே பாமினியில். புத்தகமாக அச்சடித்துக் கொடுத்த காலத்துக்கு அது சரியான வழிதான், பக்கங்களும் அழகாகவே இருந்தன. அதே கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்த பிறகுதான் தொல்லை.

பிடிஎஃப்பை அடோபி நிறுவனம் 1993இல் கொண்டுவந்தது. 2008இல் அது ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. எந்தக் கணினியில் திறந்தாலும் தாளில் உள்ளபடியே தெரிய வேண்டும் என்பதற்காக உருவான வடிவம் அது. கைபேசியில் அதுவே இடைஞ்சலாகிறது. ஏ4 தாள் உள்ளங்கை அளவுத் திரைக்குள் சுருங்கிவிடுகிறது. விரலால் பெரிதாக்கினால் வரியின் பாதி வெளியே போய்விடும், ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமுமாகத் தள்ள வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை நகல்கள். ஒரு முறை அனுப்பிய பிடிஎஃப் குழுவிலிருந்து குழுவுக்குப் போய்க்கொண்டே இருக்கும், திரும்பப் பெற வழியே இல்லை. உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளில் இந்த உரையாடல் சாதாரணம்:

"தம்பி, நீங்க குடுத்த புக்குல எஃப்8 அமுக்குனா ரிட்டர்ன் வரும்னு போட்டிருக்கு. இங்க ஒண்ணும் வரலையே."

"அண்ணாச்சி, அது பழைய புக்கு. முதல் பக்கத்துல கீழ என்ன வருஷம் போட்டிருக்குன்னு பாருங்க."

வலைப் பக்கமாக இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறி, 12, 28 சதவீதத்தில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5, 18 சதவீதத்துக்கு வந்தன. அப்போது எங்கள் கையேடு வலைக்கு வந்துவிட்டிருந்தது. வரி விகிதம் மாற்றும் பக்கத்தை மட்டும் திருத்தி ஏற்றினோம், ஏற்கெனவே லிங்க் வைத்திருந்த எல்லாருக்கும் புதியதே தெரிந்தது. பழைய பிடிஎஃப்பை வைத்திருந்தவர்களுக்குத்தான் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

தமிழுக்கென்றே இன்னொரு சிக்கலும் பிடிஎஃப்பில் உண்டு. அதற்குள் இருப்பவை அடிப்படையில் எழுத்து வடிவங்களும் அவை தாளில் நிற்கும் இடங்களும்தான். 'கொடுக்கல்' என்ற சொல்லில் முதலில் கண்ணுக்குத் தெரிவது ஒற்றைக் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொதுத் தரமான யூனிகோடிலோ முதலில் க, அதன் பிறகே ஒகரக் குறி. எந்த வடிவம் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணையைப் பிடிஎஃப்புக்குள் வைக்கலாம் என்றாலும், வரிசை மாறிய தமிழுக்கு அது பல நேரம் போதுவதில்லை. நகலெடுத்து ஒட்டினால் 'ெகாடுக்கல்' என்று வந்து நிற்கும். கோப்புக்குள் தேடினாலும் சொல் அகப்படாது. பிடிஎஃப்பை இப்போதும் நாங்கள் செய்கிறோம், ஆனால் கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டும் குறுக்கு விசைத் தாள் மாதிரி, தாளில் வேண்டியவற்றுக்கு மட்டும். மூலம் வேறு இடத்தில் இருக்கிறது.

பாமினியிலிருந்து வெளியே

பழைய உரையைக் கொண்டுவருவதுதான் வேலையிலேயே கனமான பகுதி. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்பில் இருப்பது கணினியைப் பொறுத்தவரை தமிழே அல்ல. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் உட்காருவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். பாமினி எழுத்துருவை மாட்டிப் பார்த்தால்தான் தமிழாகத் தெரியும். கூகுளும் கைபேசித் தேடலும் பார்வையற்றோருக்கான திரைவாசிப்பானும் பார்ப்பது அந்த ஆங்கில எழுத்துகளைத்தான். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது, ஆனாலும் டிடிபி கடைகளில் பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எனவே இந்த நிலை எங்களுக்கு மட்டும் வந்தது அல்ல.

மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் பல உண்டு. கவனம் வேண்டியது மாற்றும் வரிசையில். வேர்டு கோப்பை முதலில் வெறும் உரையாக்கிவிட்டு, அதற்குப் பிறகு பாமினியை யூனிகோடாக மாற்றலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படிச் செய்தால் எழுத்துருத் தகவல் போய்விடும். எங்கள் கையேட்டில் ஒவ்வொரு வரியிலும் 'எஃப்8', 'என்டர்' என்று ஆங்கிலத்திலேயே விசைப் பெயர்கள் இருந்தன. எழுத்துருப் பெயர் போன பிறகு எது உண்மையான ஆங்கிலம், எது பாமினித் தமிழ் என்று பிரிக்க வழியில்லை. மாற்றும் கருவி அந்த விசைப் பெயர்களையும் தமிழ்க் குப்பையாக ஆக்கிவிடும். ஆகவே லிப்ரே ஆபீஸில் கோப்பைத் திறந்து, பாமினி எழுத்துரு பூசிய துண்டுகளை மட்டும் தேர்ந்து, அங்கேயே யூனிகோடாக்கிவிட்டு, பிறகு வெறும் உரையாக்கினோம். இந்த ஒரு வரிசை மாற்றம் கையால் திருத்தும் வேலையில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தியது.

யூனிகோடுக்கு வந்துவிட்டால் போதும் என்று இருந்துவிடவும் முடியாது. 'கொ' என்பதைக் க, ஒகரக் குறி என இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம், க, ஒற்றைக் கொம்பு, கால் என மூன்றாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு வேறு வேறு. இதற்கு யூனிகோடே ஒழுங்குபடுத்தும் முறை ஒன்றைத் தந்திருக்கிறது, பைத்தான் நிரல்மொழியில் ஒரே வரியில் செய்துவிடலாம். ஔகாரம்தான் கடினம். 'கௌரி ஸ்டோர்ஸ்' என்பதைப் பலர் கெ என்று அடித்துப் பக்கத்தில் ள போட்டு எழுதுகிறார்கள். இதைத் தானாகத் திருத்த ஸ்கிரிப்ட் எழுதலாமே என்று தோன்றும். எழுதினால் 'வெள்ளி', 'தெளிவு' எல்லாம் உடைந்துபோகும், ஏனென்றால் அங்கே கொம்புக்குப் பிறகு வரும் ள உண்மையான ள. நகைக் கடைக்காரர்களும் படிக்கும் கையேட்டில் வெள்ளி எத்தனை இடத்தில் வரும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே எங்கள் ஸ்கிரிப்ட் அந்த இடங்களைக் காட்ட மட்டும் செய்யும், திருத்துவது ஆள்தான்.

இந்த உழைப்பு வீண் போகாது என்று நான் நம்புவதற்கு மதுரைத் திட்டம் ஒரு காரணம். முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1998இல் தொடங்கிய அந்த மின்தொகுப்பு, யூனிகோடுக்கு முந்திய டிஸ்கி என்ற தமிழ்க் குறியாக்கத்தில் இருந்து பிறகு யூனிகோடுக்கு வந்தது. நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து வைத்திருந்ததால் அது முடிந்தது. உரையாக இருப்பது எதுவானாலும் அடுத்த வடிவத்துக்கு எடுத்துப் போகலாம்.

மூலக் கோப்பு

மூலத்தை மார்க்டவுனில் வைத்திருக்கிறோம். ஜான் க்ரூபர் 2004இல் வெளியிட்ட எளிய குறிமுறை அது. வெறும் உரைக் கோப்பு, தலைப்புக்கு முன் ஒரு குறி, அழுத்தத்துக்கு இரண்டு நட்சத்திரம், அவ்வளவுதான். எந்த எடிட்டரிலும் திறக்கும். கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருளில் போட்டால் யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்று வரிவரியாகத் தெரியும். வேர்டு கோப்பையும் கிட்டில் போடலாம்தான். ஆனால் அது உள்ளுக்குள் ஒரு ஜிப் பொதி, எனவே 'கோப்பு மாறியது' என்பதற்கு மேல் கிட் ஒன்றும் சொல்லாது. வரி விகிதம் மாறும் பக்கத்தில் எந்த எண் எப்போது மாறியது என்று பார்க்க வேண்டியிருக்கும்போது அது பெரிய குறை.

டாக்புக் போன்ற எக்ஸ்எம்எல் வடிவங்கள் பெரிய குழுக்களுக்கானவை. ஒவ்வொரு பத்திக்கும் திறப்பு, மூடல் குறிகளோடு தமிழ் எழுதச் சொன்னால் எங்கள் கணக்குப் பிரிவு நண்பர்கள் எழுதவே மாட்டார்கள். ஆஸ்கிடாக் நல்ல வடிவம், அட்டவணைகளுக்கு மார்க்டவுனைவிட மேல். ஆனால் குழுவில் யாருக்கும் பழக்கமில்லை.

கணக்குப் பிரிவில் இப்போதும் வேர்டில்தான் எழுதித் தருகிறார்கள். அதை மாற்றச் சொல்லி நான் வற்புறுத்துவதில்லை. அவர்களுக்கு ஜிஎஸ்டி தெரியும், எனக்கு மார்க்டவுன் தெரியும். வந்த கோப்பைப் பான்டாக் வழியாக மார்க்டவுனாக்கிக்கொள்கிறேன். பெர்க்லியில் தத்துவப் பேராசிரியரான ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட கருவி இது. வடிவத்திலிருந்து வடிவத்துக்கு மாற்ற இதைவிட நம்பகமான ஒன்றை நான் பயன்படுத்தியதில்லை.

மார்க்டவுனில் தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. நம் மொழியில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும். ஒற்றை மேற்கோளுக்குள் 'சேமி' என்று எழுதி, மேற்கோளையும் சேர்த்து நட்சத்திரங்களுக்குள் வைத்து, உடனே 'யை' என்று ஒட்டி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்க்டவுனுக்குத் திட்டவட்டமான விதிகள் வகுக்க 2014இல் வந்த காமன்மார்க் விதிப்படி, முன்னால் நிறுத்தக்குறியும் பின்னால் எழுத்தும் இருந்தால் அந்த நட்சத்திரம் மூடும் குறியாகக் கணக்கில் வராது. பக்கத்தில் அழுத்தம் வராமல் நட்சத்திரங்களே தெரியும். அதே வரி பைத்தான் மார்க்டவுன் என்ற மாற்றும் நூலகத்தில் ஒழுங்காக வேலை செய்யும், ஏனென்றால் அது காமன்மார்க் விதியைப் பின்பற்றுவதில்லை. மார்க்டவுன் என்ற ஒரே பெயரில் பல கிளைகள் இருக்கின்றன, கருவி மாறும்போது இதெல்லாம் வெளிவரும். எழுத்து நடையில் ஒரு விதி வைத்து இதைக் கடந்தோம்: அழுத்தத்துக்குப் பிறகு எப்போதும் ஒரு பெயர்ச்சொல். சேமி பொத்தானை, ரசீது திரையில். உருபு அந்தப் பெயர்ச்சொல்லில் ஏறிக்கொள்ளும். படிக்கவும் இதுதான் தெளிவு.

கருவி

மார்க்டவுன் கோப்புகளை வலைத்தளமாக ஆக்கித் தரும் கருவிகள் நிறைய: எம்கேடாக்ஸ், ஸ்ஃபிங்க்ஸ், டாக்குசாரஸ், ஹ்யூகோ. நாங்கள் எடுத்துக்கொண்டது எம்கேடாக்ஸ். இவை எல்லாம் நிலையான எச்டிஎம்எல் பக்கங்களைத் தருகின்றன. சர்வரில் தரவுத்தளம் வேண்டாம், பிளக்இன்களுக்குப் பாதுகாப்புத் திருத்தம் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். கையேட்டுக்கு வேர்டுபிரஸ் போன்றவற்றைவிட இதுவே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

ஒவ்வொன்றின் தளத்திலும் வசதிப் பட்டியல் இருக்கும். அதைப் படித்து முடிவெடுக்க வேண்டாம். தமிழில் ஒரு சோதனைப் பக்கம் எழுதி ஒவ்வொரு கருவியிலும் ஓட்டிப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் கொ, கௌ, ஸ்ரீ, க்ஷ, ளூ எல்லாம் வரும் சொற்கள், ரூபாய் குறி, ஒரு நீள அட்டவணை, பெயர் ஒத்த சில தலைப்புகள் இருந்தன. அதில் இரண்டு விஷயங்களைப் பார்த்தோம்: தலைப்புகளுக்கான லிங்க், தேடல்.

லிங்க்கை எடுத்துக்கொள்வோம். நீளமான பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட தலைப்புக்கே நேராகப் போகும்படி லிங்க் அனுப்ப முடிந்தால்தான் தொலைபேசி உதவி எளிதாகும். கருவி அந்த லிங்க்கின் பெயரைத் தலைப்பிலிருந்து தானே செய்துகொள்ளும். எம்கேடாக்ஸ் பயன்படுத்தும் பைத்தான் மார்க்டவுன், இயல்பான அமைப்பில், ஆங்கில எழுத்து அல்லாத அனைத்தையும் நீக்கிவிட்டுப் பெயர் வைக்கும். தமிழ்த் தலைப்பில் ஒன்றும் மிஞ்சாது, ஆகவே அடிக்கோடு ஒன்று, அடிக்கோடு இரண்டு என்று எண் போடும். பக்கத்தின் நடுவில் புதுத் தலைப்பு ஒன்றைச் சேர்த்தால் கீழே உள்ள எண்கள் எல்லாம் நகரும். 'ரசீது ரத்து' என்று நீங்கள் நேற்று அனுப்பிய லிங்க் இன்று 'தள்ளுபடி' பகுதியில் போய் நிற்கும். ஸ்ஃபிங்க்ஸும் தமிழ்த் தலைப்புகளுக்கு இதுபோலவே எண் அடிப்படையிலான பெயர்தான் வைக்கும்.

யூனிகோட் எழுத்துகளை விட்டுவைக்கும் மாற்று அமைப்பு ஒன்று பைத்தான் மார்க்டவுனில் இருக்கிறது. அது சீன மொழிக்குப் பயன்படும், நமக்குப் பயன்படாது. பைத்தானின் வழக்கமான தேடுவரி முறை (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) எழுத்தை மட்டும்தான் எழுத்தாகக் கொள்ளும். நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்தல்ல. ரசீது 'ரசத' ஆகிவிடும். விலை, வேலை, வலை மூன்றுமே 'வல'. ஆகவே ஒவ்வொரு தலைப்புக்கும் ஆங்கில எழுத்தில் சின்னதாக ஒரு பெயரைக் கையால் கொடுத்துவிட்டோம். எம்கேடாக்ஸில் அதற்கான நீட்சி உண்டு, ஸ்ஃபிங்க்ஸில் தலைப்புக்கு மேல் ஓர் அடையாள வரி எழுதினால் போதும். தலைப்பின் தமிழ் வாசகம் மாறினாலும் லிங்க் மாறாது. பெட்டிகளில் அச்சடித்து ஒட்டிய க்யூஆர் குறியைத் திரும்ப மாற்ற முடியாது என்பதால் இந்த உறுதி எங்களுக்கு மிகவும் தேவைப்பட்டது.

கோப்புப் பெயருக்கும் இதே முடிவுதான். தமிழில் பெயர் வைக்கலாம், உலாவியின் முகவரிப் பட்டியில் அழகாகவும் தெரியும். ஆனால் யூனிகோடின் வழக்கமான சேமிப்பு முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். முகவரியாக நகலெடுக்கும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். 'நிறுவுதல்' என்ற சொல்லில் ஒன்பது குறியீடுகள், முகவரியில் அது 81 எழுத்து. குறுஞ்செய்தியில் அனுப்பினால் என்ன லிங்க் என்றே யாருக்கும் புரியாது.

அடுத்தது தேடல். எங்கள் வாசகர்கள் பக்கப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை, நேராகத் தேடல் பெட்டிக்குத்தான் போகிறார்கள். எம்கேடாக்ஸ் பயன்படுத்துவது லூனர் என்ற தேடல் நூலகம். அதன் ஆங்கில அமைப்பில், ஒவ்வொரு சொல்லின் இரு முனைகளிலும் ஆங்கில எழுத்து அல்லாதவற்றை வெட்டும் படி ஒன்று இருக்கிறது. காற்புள்ளி, அடைப்புக்குறி முதலியவற்றைக் கழிப்பதற்காக வைத்தது. தமிழ்ச் சொல் முழுக்க ஆங்கிலம் அல்லாததுதானே, ஒன்றும் மிஞ்சாது. தமிழ் உரை அத்தனையும் பக்கத்தில் கண்ணெதிரே இருக்க, தேடினால் 'எதுவும் இல்லை' என்று வரும். லூனருக்கான பிறமொழித் தொகுப்பில் தமிழும் இருக்கிறது, அதைச் சேர்த்ததும் சொற்கள் முழுதாகக் கிடைத்தன. முன்பு சொன்ன பைத்தான் முறையில் சொற்களைப் பிரிக்கும் தேடல்கள் வேறு விதமாகத் தவறும். அவை உயிர்க்குறி வரும் இடமெல்லாம் சொல்லை வெட்டுவதால், விலை என்று தேடினால் வேலையும் சேர்ந்து வரும்.

சொற்கள் முழுதாகக் கிடைத்த பிறகும் பாதிதான் முடிந்தது. கடைக்காரர் 'ரசீது ரத்து' என்று அடிக்கிறார், பக்கத்தில் 'ரசீதை ரத்து செய்ய' என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் சொல்லின் முற்பகுதியை வைத்துத் தேடினால் பெரும்பாலும் பிடித்துவிடலாம். ரசீது, ரசீதை இரண்டிலும் கடைசி உயிர்க்குறியே மாறிவிடுவதால் இங்கே அது பிடிபடாது. அதோடு அவர்கள் சொல்லும் சொல்லே வேறு: பில்லு, பில் கேன்சல், சரக்கு ரிட்டர்ன், பாக்கி, கடன் நோட்டு. கையேட்டில் நாங்கள் எழுதியது ரசீது, திருப்பிய சரக்கு, நிலுவை. இதற்குக் கருவியில் தீர்வு தேடுவதைவிட எழுத்தில் தீர்ப்பது சுலபம். ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் 'இப்படியும் சொல்வார்கள்' என்று ஒரு வரி வைத்தோம். உதவி எண்ணில் பேசுகிறவர்கள் காதில் விழுந்த சொற்களை ஒரு தாளில் குறித்து வைக்கிறார்கள், மாதக் கடைசியில் அவற்றை உரிய பக்கங்களில் சேர்த்துவிடுகிறேன். எந்த மென்பொருள் மாற்றத்தைவிடவும் அந்த ஒரு வரிதான் தேடலை அதிகம் மேம்படுத்தியது.

இணையம் இல்லாத கடைகள்

சந்தைக் கட்டடங்களின் உள்பக்கக் கடைகளில் சிக்னலே இருக்காது. அவர்களுக்குக் கையேடு மென்பொருளோடு சேர்ந்தே போக வேண்டும். விண்டோஸ் உலகில் இதற்குப் பழைய வழக்கம் சிஎச்எம் கோப்பு. மைக்ரோசாஃப்ட் 1997இல் கொண்டுவந்த வடிவம், ஒரே கோப்புக்குள் எல்லாப் பக்கங்களும் அடங்கும், விசையை அமுக்கினால் உடனே திறக்கும். தமிழுக்கு மட்டும் அது ஆகாது. பக்கங்களுக்குள் யூனிகோட் தெரியும், ஆனால் அதன் பொருளடக்கமும் சொல்லடைவும் யூனிகோடுக்கு முந்திய குறியாக்க அட்டவணைகளை நம்புபவை. விண்டோஸில் தமிழுக்கு அப்படி ஓர் அட்டவணையே கிடையாது. இடப்பக்கப் பட்டியல் முழுக்கக் கேள்விக்குறிகளாக வரும்.

எச்டிஎம்எல் கோப்புகளை ஒரு ஃபோல்டரில் போட்டு உலாவியில் நேராகத் திறந்தால் பக்கங்கள் தெரியும், தேடல் ஓடாது. தேடலுக்கான சொல்லடைவுக் கோப்பை வட்டிலிருந்து நேராகப் படிக்க உலாவி பாதுகாப்புக்காக விடுவதில்லை. எங்கள் பில்லிங் மென்பொருளுக்குள் ஏற்கெனவே ஒரு சின்ன வலைச் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. கையேட்டையும் அதன் வழியாகவே காட்டினோம், தேடலும் ஓடியது. அப்படி ஒன்று இல்லாதவர்களுக்கு, எம்கேடாக்ஸின் மெட்டீரியல் தோற்றத்தில் இணையமில்லாப் பயன்பாட்டுக்கென்றே ஒரு பிளக்இன் இருக்கிறது.

தோற்றத்தில் சில சின்ன விஷயங்கள். ஆயத்தத் தோற்றங்கள் ஆங்கில எழுத்தை வைத்துச் செய்யப்பட்டவை. வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினால்தான் ளூ, கீ போன்றவற்றுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். ஒற்றை நட்சத்திர அழுத்தம் ஆங்கிலத்தில் சாய்வெழுத்தாக வரும். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் இல்லாததால் உலாவி நேரெழுத்தையே இழுத்துச் சாய்க்கும். பார்க்க நன்றாக இருக்காது, அதற்குப் பதில் நிறத்தை மாற்றும்படி அமைத்தோம். ரூபாய் குறி யூனிகோடுக்கு 2010இல்தான் வந்தது, அதற்கு முந்திய எழுத்துருக்களில் அந்த இடத்தில் கட்டம் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் தளத்தோடு சேர்த்தே கொடுத்துவிட்டோம். மென்பொருள் திரையைப் பிடித்த படங்களுக்குப் பிஎன்ஜி வடிவமே நல்லது, ஜேபெக்கில் எழுத்தின் ஓரங்கள் கலங்கிவிடும். பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லில் குறிக்க மறக்கக் கூடாது. திரைவாசிப்பான் எந்தக் குரலில் படிப்பது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது.

சுவரில் ஒட்டும் அந்தத் தாளுக்கு வருகிறேன். மார்க்டவுனிலிருந்து பிடிஎஃப் செய்யும் வழிகளில், எழுத்துகளைக் கோத்துத் தரும் இயந்திரம் உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். ஹார்ஃப்பஸ் என்பது அப்படிப்பட்ட ஒன்று. குரோம் உலாவி, பிடிஎஃப் செய்யும் ஸீடெக், வீஸிபிரின்ட் எல்லாம் அதன் துணையோடுதான் தமிழைச் சரியாக வரைகின்றன. அது இல்லாத எளிய பிடிஎஃப் நூலகங்களில் 'கொ' என்பதன் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். லேடெக் என்ற அச்சுக்கோப்பு முறையில் செய்வதானால் பழைய பிடிஎஃப்லேடெக் வேண்டாம், ஸீலேடெக் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குத் தேவை சில தாள்கள்தான் என்பதால், வலைப் பக்கத்தையே அச்சுக்கான தனி அலங்காரத்தோடு குரோமில் பிடிஎஃப்பாகச் சேமித்துக்கொள்கிறோம். லேடெக் கற்க யாரும் நேரம் செலவிட வேண்டியிருக்கவில்லை.

இத்தனை சொல்லியும் ஓர் இடத்தில் எம்கேடாக்ஸைவிட ஸ்ஃபிங்க்ஸைத்தான் பரிந்துரைப்பேன். உங்கள் மூலக் கையேடு ஆங்கிலத்தில் இருந்து, தமிழ் அதைத் தொடர்ந்து வரும் மொழிபெயர்ப்பாக இருந்தால் ஸ்ஃபிங்க்ஸ் வேறு தரம். கியார்க் பிராண்டல் பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காக உருவாக்கி 2008இல் வெளியிட்டது அது. அதற்கு முன் அந்த ஆவணங்கள் லேடெக்கில் இருந்தன. ஆங்கில உரையைப் பத்தி பத்தியாகப் பிரித்து மொழிபெயர்ப்புக் கோப்பில் தரும். ஆங்கிலத்தில் ஒரு பத்தி மாறினால், அதற்கு நேரான தமிழ்ப் பத்தி மட்டும் 'மறுபடி பார்க்கவும்' என்ற குறியோடு வரும், மொழிபெயர்க்காத பத்தி ஆங்கிலத்திலேயே தெரியும். இரண்டு மொழிக் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது பின்தங்கியிருக்கிறது என்று கண்ணால் தேடுகிறவர்களுக்கு இது பெரிய விடுதலை. எங்கள் கையேடு தமிழிலேயே எழுதப்படுவது, ஆங்கிலப் பதிப்புதான் அதிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆகவே இப்போதைக்கு எங்களுக்கு எம்கேடாக்ஸே போதுமாக இருக்கிறது. தெலுங்கிலும் மலையாளத்திலும் கேட்டு வர ஆரம்பித்திருக்கிறார்கள். அது உறுதியானால் மூலத்தை ஸ்ஃபிங்க்ஸுக்கு நகர்த்துவேன். மார்க்டவுன் கோப்புகளை மிஸ்ட் என்ற நீட்சியின் வழியாக அதுவும் படிக்கும், தலைப்புகளுக்குக் கையால் கொடுத்த பெயர்களையும் எடுத்துப் போகலாம்.